குழந்தையின் கண்மட்டத்தில் ஒரு தெரு

‘செசமி ஸ்ட்ரீட்’ இயக்குநர் ஜான் ஸ்டோனின் வாழ்வும் கலையும்

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி தன் முதல் இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் இரண்டு பழக்கங்களுக்குள் அடங்கியிருந்தது. குழந்தையைச் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பின் இடைவெளிகளில் தின்பண்டத்தையும் விளையாட்டுப் பொருளையும் விற்பது முதலாவது. பெரியவர் ஒருவர் கேமராவின் முன் நின்று, குழந்தைக்கென்றே மாற்றிக்கொண்ட கொஞ்சு குரலில் பாடம் சொல்வது இரண்டாவது. முதலாவதில் குழந்தை வெறும் வாடிக்கையாளர்; இரண்டாவதில் அது நிரப்பப்பட வேண்டிய காலிக் குடம். குழந்தையைத் தன் தெருவில் குடியிருக்கும் ஒரு முழு மனிதராகக் கருதி, அதனிடம் உண்மையைப் பேசலாம், அதனோடு சேர்ந்து சிரிக்கலாம், அதன் துயரத்திலும் பங்கேற்கலாம் என்ற மூன்றாவது வழியைத் தொலைக்காட்சியில் நிலைநாட்டியவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜான் ஸ்டோன். ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் நிகழ்ச்சியின் முதல் தலைமை எழுத்தாளராகவும், தயாரிப்பாளர்களுள் ஒருவராகவும், பின்னர் நீண்ட காலம் அதன் இயக்குநராகவும் விளங்கிய அவர், 1997ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று நியூயார்க்கில் காலமானார்.

அந்த நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருபவை பிக் பேர்ட் என்னும் பெரிய மஞ்சள் பறவையும், எர்னி, பெர்ட், குரோவர் முதலிய பொம்மைகளுமே. அவற்றை உருவாக்கிய ஜிம் ஹென்சனின் பெயரும் உலகறிந்தது. அந்தப் பொம்மைகள் எந்த மண்ணில் நின்றன, யாரோடு பேசின, எந்த உண்மையைப் பேசத் துணிந்தன என்பவற்றைத் தீர்மானித்தவரின் பெயரோ நிகழ்ச்சியின் முடிவில் ஓடும் எழுத்துகளோடு மறைந்துவிட்டது. குழந்தைகளுக்கான இயக்குநரின் வெற்றி, பார்க்கும் குழந்தைக்கு அவர் ஒருபோதும் தெரியாமல் இருப்பதில்தான் உள்ளது. அதனாலேயே அவரை நினைவுகூர்வது வளர்ந்தவர்களின் கடமையாகிறது.

பயிற்சிக் காலம்

வில்லியம்ஸ் கல்லூரியில் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் 1955இல் முதுகலை முடித்த ஸ்டோன், அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களுள் ஒன்றான சி.பி.எஸ்.ஸின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். அதே 1955ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நிறுவனம் ‘கேப்டன் கங்காரு’ என்னும் காலை நேரக் குழந்தைகள் நிகழ்ச்சியைத் தொடங்கியது. பாப் கீஷன் என்னும் நடிகர் தாத்தாவின் தோற்றத்தில் அமைதியாகவும் கண்ணியமாகவும் நடத்திய அந்நிகழ்ச்சியில் எழுத்தாளராகவும் தயாரிப்பாளராகவும் ஸ்டோன் தொழில் கற்றார். பின்னாளில் ‘செசமி ஸ்ட்ரீட்’டைக் கட்டியெழுப்பிய டேவிட் கானெலும் சாம் கிப்பனும் அங்கே அவருடன் பணியாற்றியவர்களே, ஆகவே ஒரு நிகழ்ச்சி மற்றொரு நிகழ்ச்சிக்கான பட்டறையாக அமைந்தது எனலாம்.

1960களின் நடுவில், சிண்டெரெல்லா கதையைப் பொம்மைகளோடு சேர்த்துச் சொல்லும் முயற்சி ஒன்றில் ஸ்டோனும் சக எழுத்தாளர் டாம் வீடனும் இறங்கியபோது ஜிம் ஹென்சனின் அறிமுகம் கிடைத்தது. ‘ஹே சிண்டெரெல்லா’ என்ற பெயரில் அது 1970இல்தான் அமெரிக்கத் திரைகளை எட்டியது என்றாலும், இரு கலைஞர்களுக்கும் இடையே அரும்பிய நட்பு அதற்கு முன்பே பயன் தந்துவிட்டது. பின்னாளில் ‘செசமி ஸ்ட்ரீட்’டுக்குப் பொம்மைகள் வேண்டுமா என்ற பேச்சு எழுந்தபோது, ஹென்சன் கிடைத்தால் பொம்மைகள் இருக்கட்டும், கிடைக்காவிட்டால் பொம்மைகளே வேண்டாம் என்று ஸ்டோன் உறுதியாகச் சொன்னார்.

ஒரு கேள்வியும் எட்டு மில்லியன் டாலரும்

1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் நடந்த ஒரு விருந்தில், தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜோன் கான்ஸ் கூனியிடம் கார்னகி அறக்கட்டளையைச் சேர்ந்த உளவியலாளர் லாயிட் மாரிசெட் ஒரு கேள்வி கேட்டார்: சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொலைக்காட்சியைப் பயன்படுத்த முடியுமா? ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் காலடி வைக்கும்போதே வசதியுள்ள குழந்தைகளைவிடப் பின்தங்கியிருப்பதும், ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டதும் அன்றைய இரு உண்மைகள். அவ்விரண்டையும் இணைக்க முயன்ற கூனியின் திட்டத்திற்குக் கார்னகி, ஃபோர்டு அறக்கட்டளைகளும் அமெரிக்க அரசும் சேர்ந்து சுமார் எட்டு மில்லியன் டாலர் வழங்க, 1968இல் ‘சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் ஒர்க்‌ஷாப்’ என்னும் அமைப்பு உருவாயிற்று.

சிறு குழந்தைகள் மதுபான விளம்பரப் பாடல்களைக்கூடப் பிழையின்றிப் பாடுகிறார்கள் என்றால், அதே உத்தியைக் கொண்டு எழுத்தையும் எண்ணையும் ஏன் கற்பிக்கக் கூடாது என்பது கூனியின் வாதம். எனவே விளம்பரங்களைப் போன்ற குறுகிய துண்டுகளாக நிகழ்ச்சி பிரிக்கப்பட்டது. அன்றன்றைய நிகழ்ச்சியை வழங்குவோர் சில எழுத்துகளும் எண்களும் என்று அறிவிக்கும் வழக்கமும் பிறந்தது. பெயரில் உள்ள ‘செசமி’ எள்ளைக் குறிக்கும் சொல். அலிபாபா கதையில் குகைக் கதவைத் திறக்கும் மந்திரச் சொல்லும் அதுவே. 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தின் வழியே தமிழ்ச் செவிகளுக்குப் பழகிப்போன ‘சீசேம்’ இதுதான் என்றறியும்போது, கதவு திறக்கும் தெரு என்ற பொருள் தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும்.

அரண்மனையை விட்டுத் தெருவுக்கு

அந்நாளைய குழந்தைகள் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாயக் கோட்டையிலோ, பொம்மைக் கடையிலோ, வண்ணம் பூசிய கற்பனை வீட்டிலோ நிகழ்ந்தன. யாருக்காக இந்நிகழ்ச்சி திட்டமிடப்பட்டதோ அந்தக் குழந்தை அத்தகைய வீட்டில் வாழவில்லை. நகர்ப்புற வறுமையைப் பற்றிய பொதுநல விளம்பரம் ஒன்றில் நியூயார்க்கின் நெரிசலான தெருவில் குழந்தைகள் விளையாடும் காட்சியைக் கண்ட ஸ்டோன், தம் நிகழ்ச்சிக்கான களம் அதுவே என்று தெளிந்தார். பழுப்புக்கல் முகப்புடைய பழைய அடுக்கு வீடு, அதன் வாசற்படிகள், வீட்டு முன் வைத்த குப்பைத் தொட்டிகள், மூலையில் ஒரு சிறு கடை ஆகியவற்றைக் கொண்ட அந்தத் தளத்தை வடிவமைப்பாளர் சார்லஸ் ரோசன் உருவாக்கினார்.

‘ஸ்டூப்’ என்று நியூயார்க் மக்கள் வழங்கும் அந்த வாசற்படி, நம் ஊர்த் திண்ணையின் வேலையையே செய்வது. வீட்டுக்குள்ளும் சேராமல் தெருவிலும் சேராமல் இடையில் நிற்கும் அந்த இடத்தில்தான் அண்டை வீட்டார் அமர்கிறார்கள், வம்பு பேசுகிறார்கள், அடுத்த வீட்டுக் குழந்தையையும் தம் குழந்தையாகக் கண்டிக்கிறார்கள். அத்தகைய வாசற்படியைத் தொலைக்காட்சியின் நடுவில் வைத்ததன் மூலம், கற்றல் என்பது வகுப்பறைக்கு வெளியிலும், தெரிந்த முகங்களுக்கு நடுவிலும் நிகழ்வது என்ற கருத்தை ஒரு சொல்லும் பேசாமல் ஸ்டோன் நிறுவினார். அழுக்குப் படிந்த சுவரையும் தொட்டியையும் திரையில் கண்ட ஏழைக் குழந்தைக்கு, தன் தெருவும் கதை நிகழத்தக்க இடம்தான் என்ற செய்தி கிடைத்தது.

அத்தெருவின் மக்களும் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டனர். கார்டன், சூசன் என்னும் கறுப்பினத் தம்பதியராக மேட் ராபின்சனும் லொரெட்டா லாங்கும், பாப் என்னும் வெள்ளையின இசை ஆசிரியராக பாப் மெக்ராத்தும், கடைக்காரர் ஹூப்பராக வில் லீயும் நடித்தனர். 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்புத் தொடங்கிய ஆறு மாதங்களில், 1970 மே மாதத்தில், மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் இந்நிகழ்ச்சிக்குத் தடை விதித்தது. வெவ்வேறு இனத்தவர் ஒரே தெருவில் சமமாக வாழும் காட்சியை அந்த மாநிலம் ஏற்காது என்பதே அதற்குக் காரணம். எதிர்ப்பு எழவே ஒரு மாதத்திற்குள் அத்தடை விலக்கப்பட்டது. அந்தத் தெருவில் யாரும் சமத்துவத்தைப் பற்றி உரையாற்றவில்லை. மக்கள் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவே. அந்த இயல்பான காட்சிதான் தடை விதித்தவர்களை அச்சுறுத்தியது.

பிலடெல்பியா தந்த பாடம்

ஒளிபரப்புக்கு முன், 1969 ஜூலையில், ஐந்து முன்னோட்ட நிகழ்ச்சிகள் தயாரிக்கப்பட்டுப் பிலடெல்பியா நகரக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டன. ஆய்வுப் பிரிவின் தலைவரான எட்வர்டு பால்மர் இதற்கென ‘கவனம் கலைப்பான்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஓர் உத்தியை வகுத்திருந்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் மற்றொரு திரை வைத்து, ஏழரை நொடிக்கு ஒரு முறை அதில் புதுப் படம் ஒன்றைக் காட்டுவார்கள். குழந்தையின் கண் எந்தக் கணத்தில் நிகழ்ச்சியை விட்டு அந்தப் படத்திற்கு நழுவுகிறது என்று ஆய்வாளர் குறித்துக்கொள்வார். குழந்தையின் விருப்பத்தைப் பெரியவர்கள் ஊகிப்பதற்குப் பதிலாக, அதன் கண்ணையே சாட்சியாகக் கொள்ளும் முறை இது.

சாட்சியம் கசப்பாக இருந்தது. பொம்மைகளும் அசைபடங்களும் வரும்போது ஒட்டிக்கொண்ட கண்கள், தெருக்காட்சி வந்ததும் விலகின. உண்மை உலகத்தையும் கற்பனையையும் கலந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று உளவியல் வல்லுநர்கள் எச்சரித்திருந்ததால், தெருவில் மனிதர்கள் மட்டுமே இருந்தனர். பொம்மைகள் தனித் துண்டுகளில் அடைக்கப்பட்டிருந்தன. நிகழ்ச்சியின் உயிர்நாடி என்று ஸ்டோன் கருதிய தெருவே அதன் மிகப் பலவீனமான பகுதியாகத் தெரியவந்தபோது, குழுவினர் தெருவைக் கைவிடவில்லை. வல்லுநர்களின் எச்சரிக்கையைக் கைவிட்டனர். ஹென்சன் வடிவமைத்த பிக் பேர்டும், குப்பைத் தொட்டியில் குடியிருக்கும் சிடுமூஞ்சியான ஆஸ்கரும் தெருவுக்குள் வந்தனர். இருவருக்கும் உயிர் கொடுத்தவர் கேரல் ஸ்பின்னி. பொம்மை பொம்மை என்று தெரிந்துகொண்டே அதை நண்பனாக ஏற்கும் திறன் குழந்தைக்கு உண்டு என்பதை, மரப்பாச்சியோடு பேசி வளர்ந்த எந்தச் சமூகமும் அறியும். அன்றைய நிபுணர்கள்தான் அதை மறந்திருந்தனர்.

இயக்குநர் செய்யும் வேலை

தலைமை எழுத்தாளராகத் தொடங்கிய ஸ்டோன், 1970களில் நிர்வாகத் தயாரிப்பாளர் பொறுப்பையும் ஏற்று, படப்பிடிப்புத் தளத்தில் நின்று காட்சிகளை இயக்கும் பணியைத் தம் முதன்மைத் தொழிலாக்கிக்கொண்டார். ‘மப்பெட்’ எனப்படும் ஹென்சனின் பொம்மைகளை இயக்கும் கலைஞர்கள் கேமராவின் சட்டத்திற்குக் கீழே மறைந்து, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அருகில் உள்ள சிறு திரையில் தம் பொம்மையைப் பார்த்தபடி நடிப்பவர்கள். எட்டடிக்கும் மேல் உயரமுள்ள பிக் பேர்டின் உடைக்குள் இருக்கும் கலைஞரோ, உயர்த்திய வலக்கையால் பறவையின் தலையை அசைத்துக்கொண்டே, மார்பில் கட்டிய சிறு திரையைப் பார்த்து வழியறிய வேண்டும். அந்தத் திரையில் தெரிவது கண்ணாடிப் பிம்பம் அன்று. ஆதலால் இடமும் வலமும் மாறித் தோன்றும் குழப்பத்தைப் பயிற்சியால்தான் வெல்ல வேண்டும்.

இத்தகைய தளத்தில் மனித நடிகர், கீழே குனிந்திருக்கும் கலைஞரை மறந்து, பொம்மையின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். எழுதிய வசனம் எதுவும் தரப்படாத குழந்தையோ தன் மனத்துக்கு வந்ததைச் சொல்லும்; அதைக் கேட்டுப் பொம்மையும் அக்கணமே மறுமொழி புனைய வேண்டும். குழந்தை தடுமாறினாலும் சிரித்தாலும் அதைப் பிழையென வெட்டாமல் காத்திருக்கும் பொறுமை இயக்குநருக்கு வேண்டும். நடிகர்களைத் தேர்வதிலும் ஸ்டோனின் அளவுகோல் இதுவே. 1971இல் மரியா என்னும் பாத்திரத்திற்காக வந்த இளம் நடிகை சோனியா மன்சானோவிடம், கேமராவை ஒரு குழந்தையாக எண்ணிக்கொண்டு கதை சொல்லுமாறுதான் அவர் கேட்டார். புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளிப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த மன்சானோ, 40 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தெருவில் வாழ்ந்தார். அதன் எழுத்தாளர்களுள் ஒருவராகவும் உயர்ந்தார்.

குழந்தையின் அறிவில் ஸ்டோன் வைத்த நம்பிக்கைக்கு, மைக்கேல் ஸ்மோலினின் ஓவியங்களோடு 1971இல் வெளிவந்த அவருடைய சிறு புத்தகமும் சான்று. புத்தகத்தின் முடிவில் ஒரு பூதம் இருப்பதாக அஞ்சும் குரோவர், பக்கத்தைப் புரட்ட வேண்டாம் என்று வாசகரிடம் கெஞ்சுகிறது. கயிற்றால் கட்டியும் செங்கல்லால் அடைத்தும் தடுக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பூதம் தானே என்று அறிந்து வெட்கப்படுகிறது. பக்கம் புரட்டுவதையே நாடகமாக்கிய இந்நூலில், பெரிய உருவத்தை வெல்லும் ஆற்றல் மூன்று வயதுக் கைக்கு வழங்கப்படுகிறது. அச்சம் என்பது பல வேளைகளில் தன் நிழலைக் கண்டு அஞ்சுவதே என்ற உண்மையும் அறிவுரையின்றிப் புரிகிறது.

தெருவிலிருந்து உலகுக்கு

ஸ்டோனின் இயக்கத்தில் வெளிவந்த சிறப்பு நிகழ்ச்சிகளில், 1978ஆம் ஆண்டின் ‘கிறிஸ்துமஸ் ஈவ் ஆன் செசமி ஸ்ட்ரீட்’ முதலில் நிற்கிறது. சாண்டா கிளாஸ் ஒடுங்கிய புகைபோக்கி வழியே எப்படி இறங்குவார் என்று ஆஸ்கர் எழுப்பும் சந்தேகத்தால் கலங்கிய பிக் பேர்ட், விடை தேடிக் கொட்டும் பனியில் கூரைமேல் காத்திருக்கிறது. மறுபுறம், ஓ. ஹென்றியின் புகழ்பெற்ற சிறுகதையைத் தழுவி, எர்னி தன் ரப்பர் வாத்தையும் பெர்ட் தன் காகிதக் கவ்விகளின் சேகரிப்பையும் ஒருவருக்காக மற்றவர் இழக்கின்றனர். அவர்கள் இழந்தவற்றைத் திருப்பித் தருபவர் யூதரான கடைக்காரர் ஹூப்பர். அதே நிகழ்ச்சியில் பாப் அவருக்கு யூதர்களின் ஹனுக்கா திருநாள் வாழ்த்தைக் கூறுகிறார்.

1983இல் சீன அரசுத் தொலைக்காட்சியுடன் சேர்ந்து உருவான ‘பிக் பேர்ட் இன் சைனா’, பிக் பேர்டை, பீனிக்ஸ் பறவையைத் தேடும் பயணத்தில் சீனாவுக்கு அழைத்துச் சென்றது. இதுவும் 1978ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் எம்மி விருது பெற்றன. எம்மி என்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் மிக உயர்ந்த விருது. ஸ்டோன் பெற்றவை மொத்தம் 18. அதே 1983இல், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக் காட்சியகத்தில் ஓர் இரவைக் கழிக்கும் ‘டோன்ட் ஈட் த பிக்சர்ஸ்’ வந்தது. குக்கீ மான்ஸ்டர் என்னும் பெருந்தீனிப் பொம்மை ஓவியங்களைத் தின்றுவிடாமல் தன்னை அடக்கிக்கொள்ளப் படும் பாடு ஒருபுறம் சிரிப்பூட்ட, இறந்தவரின் இதயத்தை இறகோடு வைத்து நிறுக்கும் பண்டைய எகிப்திய நம்பிக்கை மறுபுறம் மையக் கதையாகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனித்திருக்கும் எகிப்திய இளவரசச் சிறுவனின் இதயம் கனக்காமல் எப்படி இருக்கும் என்று பிக் பேர்ட் எகிப்தியத் தேவனிடமே வழக்காடுகிறது. கனமான இதயம் குற்றத்தின் அடையாளம் அன்று, தனிமையின் அடையாளம் என்று வாதிட ஒரு பறவையை அனுப்பிய அக்கதையைச் சிறுவர் நிகழ்ச்சிகளின் எல்லையைப் பெரிதாக்கிய ஒன்றாகக் கருத வேண்டும்.

திரும்பி வராத ஹூப்பர்

1982 டிசம்பர் 7 அன்று வில் லீ இறந்தார். கடைக்காரர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்று கதைவிடுவதும், வேறொரு நடிகரை அந்த வேடத்தில் நிறுத்துவதும் தொலைக்காட்சியின் வழக்கமான தீர்வுகள். அவற்றை ஒதுக்கிய குழு, ஹூப்பரும் இறந்துவிட்டார் என்று குழந்தைகளிடம் சொல்ல முடிவு செய்து, குழந்தை உளவியல், சமயம் முதலிய துறைகளின் அறிஞர்களைக் கலந்தது. நோயுற்றதால் இறந்தார் என்றால் காய்ச்சல் வரும்போதெல்லாம் குழந்தை அஞ்சும். தூக்கம் என்று மழுப்பினால் உறங்கவே அஞ்சும். பழைய காட்சிகளைக் காட்டினால் அவர் இன்னும் இருக்கிறார் என்று எண்ணும். ஆகவே இறந்தார், திரும்பி வரமாட்டார், அவரை நாம் மறக்கமாட்டோம் என்ற மூன்று உண்மைகள் மட்டுமே எஞ்சின.

நார்மன் ஸ்டைல்ஸ் எழுத, ஸ்டோன் இயக்கிய அந்த 1839ஆம் நிகழ்ச்சி, பெற்றோர் வீட்டில் இருக்கும் நன்றி நவிலல் நாளான 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பாயிற்று. தெருவாசிகளின் உருவங்களை வரைந்து ஒவ்வொருவரிடமும் கொடுத்து வரும் பிக் பேர்ட், ஹூப்பரின் படம் கையில் எஞ்ச, அவர் வந்ததும் கொடுப்பதாகச் சொல்கிறது. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மரியா எழுந்து சென்று, இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று மெல்ல நினைவூட்டுகிறார். ஏன் இப்படி நிகழ வேண்டும் என்று பறவை கேட்கிறது. கார்டனிடம் காரணம் எதுவும் இல்லை, இப்படித்தான் என்கிறார். அந்தப் பதிலை அலங்கரிக்காமல் விட்டதே இக்காட்சியின் அறம். நடித்தவர்கள் சிந்திய கண்ணீர் தம் நண்பருக்காக அவர்கள் சிந்திய மெய்யான கண்ணீர். ஹூப்பரின் பெயரை எப்போதும் தவறாகவே உச்சரித்துவந்த பறவை, அன்று அவரை நினைத்துப் பேசும்போதும் அதே தவறைச் செய்கிறது. முடிவில் தெருவுக்குப் புதிதாய் வந்த ஒரு கைக்குழந்தையைப் பார்க்க அதை அழைத்துச் செல்கிறார்கள்.

அணையாத வெளிச்சம்

இயக்கத்துக்குரிய நரம்பணுக்களைப் படிப்படியாகச் சிதைத்து உடலை முடக்கும் ஏ.எல்.எஸ். என்னும் நோயே ஸ்டோனின் உயிரைப் பறித்தது. 2021இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் கேங்’ என்னும் ஆவணப்படம், மைக்கேல் டேவிஸ் 2008இல் எழுதிய வரலாற்று நூலை அடியொற்றி, நிகழ்ச்சியின் உருவாக்கத்தில் அவர் வகித்த இடத்தைப் புதிய தலைமுறைக்குக் காட்டியது. அவர் தேர்ந்த தெரு மெக்சிகோவில் ‘பிளாசா சேசமோ’வாகவும், ஜெர்மனியில் ‘செசாம்ஸ்ட்ராஸே’யாகவும், 2006 முதல் இந்தியாவில் ‘கலி கலி சிம் சிம்’ என்னும் இந்தி நிகழ்ச்சியாகவும் அந்தந்த மண்ணுக்கேற்ற வடிவம் பெற்றது.

எழுத்தையும் எண்ணையும் கற்பிப்பதற்கு இன்று கைப்பேசிச் செயலிகள் முதல் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. அவற்றில் பல குழந்தையின் கவனத்தை ஒரு நொடியும் நழுவவிடாத திறமை பெற்றவை. பால்மரின் ஆய்வகத்தில் குழந்தையின் கண் எங்கே நழுவுகிறது என்று அளந்தவர்களும் அந்தக் கவனத்தையே நாடினார்கள். கிடைத்த கவனத்தைக் கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஸ்டோனின் வாழ்நாள் பணி விடை கூறுகிறது: வண்ண ஒளியால் ஈர்த்த அந்தச் சிறு கண்ணை, துயரம் தாங்கிய ஒரு முகத்தின் எதிரே நிறுத்தி, அது தாங்கும் என்று நம்பி, உண்மையைச் சொல்ல வேண்டும். ஹூப்பருக்கு விடைகொடுத்த அந்த நிகழ்ச்சியில் பிக் பேர்ட் தன் கூட்டருகே அவருடைய படத்தை மாட்டிவைக்கிறது. பின்வந்த ஆண்டுகளிலும் அந்தப் படம் அங்கேயே தொங்கியது. அவரைப் பார்த்தே இராத குழந்தைகளும் அதைப் பார்த்து வளர்ந்தார்கள்.